போர்வையும் ஐஸ் பிடித்த குளமும்

புனிதம்,

நீர் என்னோடு கதைக்காததால் எழுதி வைக்கிறேன். பின்வளவில் நான் பலகை அடித்து உயர்த்திக் கட்டிய மீன்குளத்தில் விடிய ஐஸ் பிடித்துவிட்டது. சுத்தியலால் உடைக்க வேண்டாம், அதிர்ச்சியில் மீன் செத்துவிடும். ஒரு சட்டியில் கொதிதண்ணீர் நிரப்பி ஐஸில் முட்டப் பிடியும், மெல்ல ஓட்டை விழும். பாவமென்று சாப்பாடு போடவும் வேண்டாம். இந்தக் குளிருக்கு அதுகளுக்குச் செமிக்காது. வேலையால் பசியோடு வருபவன் நான்தான்.

குளத்துக்குக் குளிராமல் இருக்க உமது புதுப் போர்வையைப் பலகைக்குள் அடைத்தது பிழைதான். ஆனால் பேரம் பேசிப் பழகிய கடைக்காரன் மகனான எனக்கு எடுத்த எடுப்பில் முழுப் பிழையையும் ஒப்புக்கொள்ள வராது. இப்போதைக்குப் பாதி.

வேலைக்குப் போகும் எல்லர்ஸ்லி ரயிலுக்கு நேரமாகிறது.

சோதி

சப்பாத்துப் போடும்போது யோசித்தேன்: முக்கால். மிச்சத்துக்கு நீர் வாய் திறந்து ஒரு ஏச்சாவது ஏச வேண்டும்.