தழை ஒடிக்கும் சத்தம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இலக்கியா எழுதுவது. உங்கள் இருமல் நின்றதா? அம்மா கண் டாக்டரிடம் போனாளா? நான் நன்றாக இருக்கிறேன். நியூசிலாந்து மலைமேல் எங்கள் முகாமில் சிக்னல் கிடையாது, அதனால்தான் கடிதம்.

இந்தக் காட்டில் மரக்கன்றுகளையெல்லாம் காட்டாடுகள் மேய்ந்துவிடுகின்றன. அவற்றைச் சத்தமில்லாமல் பின்தொடர்ந்து எண்ணுவதுதான் எங்கள் வேலை. ஓயாத மழை, கால் வைக்கிற இடமெல்லாம் பாசி. எதிர்க்காற்றில்தான் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் மோப்பம் பிடித்துவிடும்.

போன வாரம் புதருக்குள் ஒரு மந்தை நின்றது, சரியாகத் தெரியவில்லை. திட்டக்குடியில் நம் ஆடுகளைப் பற்றி நீங்கள் சொல்வீர்களே, "தழைய ஒடிச்சா போதும், எங்க இருந்தாலும் ஓடியாந்துடும்" என்று. வெளியே வரட்டுமென்று ஒரு கிளையைப் படக்கென ஒடித்தேன். மந்தை மிரண்டு ஓடியதில் ஒரு ஆடுகூட மிச்சமில்லை. காலையிலிருந்து என்னோடு ஊர்ந்து வந்த குழுத்தலைவி ஹேசல் என்னையே பார்த்தார். எங்கள் ஊர் ஆடுகள் இதற்கு ஓடி வரும் என்றேன். "எதற்கு?" என்று கேட்டார். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். அப்பா ஒடித்துப் போடுகிற தழையைத் தின்னத்தான் என்றேன்.

இவையும் ஒரு காலத்தில் யாரோ வீட்டில் வளர்த்தவையாம். அந்தச் சத்தத்தை எத்தனை தலைமுறையில் மறந்திருக்கும், அப்பா?

இட்லிப்பொடி அனுப்புங்கள். அப்புறம், தழை ஒடிக்கும்போது செல்போனில் ரெக்கார்டு பண்ணி வையுங்கள். வீடியோ வேண்டாம். ஒடிகிற சத்தமும், அதுங்க ஓடி வருகிற சத்தமும் போதும்.

கடிதத்தைக் கொண்டு கீழே போகிற வண்டி ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகள்,
இலக்கியா