ஷாரோன் காது மெஷினும் கம்பெனிக்காரன் நம்பரும்

சிங்கப்பெருமாள் கோயில்
ஜூன் 12

அன்பு மகள் ரூத்துக்கும் மாப்பிள்ளை ஜோயலுக்கும் அம்மா பொன்னி எழுதுவது. ஆண்டவர் கிருபையில நானும் உங்க நைனாவும் உன் மக ஷாரோனும் நல்ல சுகம். இந்தத் தடவை அந்த வார்த்தைய வழக்கத்துக்காக எழுதல, நிஜமாவே சுகம், அதனாலதான் எழுத உக்காந்தேன். அயர்லாந்துல குளிர் விட்டுதா, டூட்டி மாத்தித் தரேன்னு சொன்ன அந்த அம்மா மாத்திக் குடுத்தாங்களா, மாப்பிள்ளைக்கு முதுகு வலி தேவலையா, எல்லாத்துக்கும் பதில் எழுது. தினம் வீடியோவுல பாக்கறோமே லெட்டர் எதுக்குன்னு கேப்ப. போன்ல சொன்னா ஷாரோன் பக்கத்துல உக்காந்துகினு ஒரு வார்த்தை விடாம கேக்குறா, அவளப் பத்தி அவ முன்னாலயே பேச எனக்கு மனசு வரல. திட்டறதா இருந்தா திட்டு, ஆனா முழுசா படிச்சப்புறம் திட்டு.

போன மாசம் ஒன்பது நாள் நீ கூப்பிட்டப்பல்லாம் குழந்தை தூங்கறா, சளி புடிச்சிருக்கு, பக்கத்து வூட்டுல விளையாடறான்னு சொன்னேனே, அத்தனையும் பொய். ஆபரேஷன் பண்ணி வெச்சமே, அந்தக் காது மெஷின்ல வெளிய மாட்டற பக்கம் வேலை செய்யல. சர்ச்சுல சண்டே ஸ்கூல் பிள்ளைங்கள மாமல்லபுரம் கூட்டிகினு போனாங்க, நானும் கூடப் போனேன். தண்ணிகிட்ட போனா மெஷினைக் கழட்டி வெச்சிடணும்னு நீ எத்தனையோ தடவ சொல்லியிருக்க. எனக்கும் தெரியும். ஆனா கழட்டினா அவளுக்கு அலை சத்தம் கேக்காதே, முதல் தடவை கடல் பாக்குற பிள்ளை சத்தத்தோட பாக்கட்டுமேன்னு விட்டுட்டேன். கால் வரைக்கும்தான் தண்ணி வந்துகினு இருந்துது, ஒரே ஒரு அலை ஆளையே மூடிட்டுது. சிரிச்சிகினேதான் எழுந்தா. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பல. இன்னொரு தடவை கத்திக் கூப்பிட்டேன், கூட வந்தவங்க எல்லாம் திரும்பினாங்க, அவ திரும்பல. தப்பு என்னுதுதான், யார் மேலயும் போடல.

மெஷினைத் துடைச்சு, நீ குடுத்த காய வெக்கிற டப்பாவுல ஒரு நாள் பூரா வெச்சேன், விளக்கு மட்டும் ஆரஞ்சா மினுக்கிகினே இருந்துது. ரயிலேறி பட்டணத்து சர்வீஸ் சென்டருக்குப் போனா அங்க இருந்தவரு மரியாதையாத்தான் பேசினாரு, ஆனா உதவி நம்பருக்குப் போன் பண்ணி புகார் நம்பர் வாங்கிகினு வந்தாத்தான் மெஷினை உள்ள வாங்குவோம்னுட்டாரு. பெட்டி மேல 1860-ல ஆரம்பிக்கிற ஒரு நம்பர் போட்டிருந்துது. நான் இன்னா பண்ணேன் தெரியுமா, மிஸ்டு கால் குடுத்தேன். நீ நர்சிங் படிக்கும்போது ஹாஸ்டல் போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங் விட்டு கட் பண்ணுவியே, அந்தப் பழக்கம்தான். இப்போ மாசத்துக்கு பேக் போட்டிருக்கு, பேசினா காசு இல்ல, ஆனாலும் கை அப்படியே பழகிப்போச்சு. பெரிய கம்பெனியாச்சே, நம்ம நம்பர் விழுந்தா திருப்பிக் கூப்பிடுவாங்கன்னு ரெண்டு நாள் காலைல சாயங்காலம் குடுத்துகினே இருந்தேன், குளிக்கப் போனாக்கூட போனை உங்க நைனா கையில குடுத்துட்டுப் போனேன். அவரு பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, இன்னாமே, கம்பெனிக்காரன் இன்னா உன் மாமன் மவனா, மிஸ்டு கால் பாத்துட்டு ஓடியாறதுக்குன்னு கேட்டாரு.

சரின்னு நிஜமா கூப்பிட்டா பேலன்ஸ் இல்லன்னு சொல்லுது. பேக் இருக்கும்போது எப்படி இல்லாம போவும்னு ரீசார்ஜ் கடை கலையரசன்கிட்ட சண்டைக்கே போயிட்டேன். அவன் போனை வாங்கிப் பாத்துட்டு சிரிக்கறான். அத்தை, அந்த நம்பரு பேக்குல சேராது, அதுக்கு நிமிசத்துக்கு நிமிசம் தனிக் காசு, நீ மிஸ்டு கால் குடுத்தேன்னு நினைச்சிகினு இருந்த, அங்க மெஷின் உடனே எடுத்துடும், எடுத்தா காசு போச்சுன்னான். மறுபடி காசு போட்டு கூப்பிட்டேன். பாட்டுப் போடறாங்க ரூத்து. நடுவுல ஒரு பொம்பள உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானதுன்னு சொல்லுது, திரும்பப் பாட்டு. கடைசியா ஒரு ஆளு ஹலோன்ற நேரத்துல காசு தீந்து லைன் கட் ஆயிடுது. இப்படியே மூணு தடவை.

நாள் போகப்போக ஷாரோன் பேசறதைக் குறைச்சிகினு வந்தா. ஆயான்னு என்னை அவ்ளோ தெளிவா கூப்பிடுவாளே, அது ஆ ஆன்னு ஆயிட்டுது, அப்புறம் அதுவும் இல்ல, புடவையப் புடிச்சி இழுக்கறா. செங்கல்பட்டுல பேச்சுப் பயிற்சி குடுக்கற விஜயகுமாரி மேடம், இன்னும் நாளைக் கடத்தாதீங்கம்மா, வந்த வார்த்தையெல்லாம் போயிடும்னு சொன்னாங்க. நான் அன்னிக்கு சோறு திங்கல.

ஒன்பதாம் நாள் நாலாவது தடவையா கூப்பிட்டேன். பாட்டு முடிஞ்சு ஒரு பொண்ணு எடுத்துது, பேர் ஜோதிலட்சுமின்னுது. நான் வணக்கம்கூட சொல்லல. போன வருசம் உன் வாஷிங் மெஷின் ரிப்பேர் ஆனப்போ நீ சொன்னியே, வாங்கின பொருளப் பத்திக் கேக்க கம்பெனிக்குப் போன் பண்ணா சாதாரண காலுக்கு மேல ஒரு காசு வாங்கக் கூடாதுன்னு உங்க ஊர்ல சட்டம் இருக்குதுன்னு, அது அப்படியே வாயில வந்துது. "இதே கம்பெனி மெஷினை என் பொண்ணு ஊர்லயும் விக்கறீங்க, அங்க கேள்வி கேட்டா சும்மா, இங்க கேட்டா காசா, எங்க குழந்தை காது மட்டும் இன்னா இளக்காரமா"ன்னு கேட்டேன். இதுக்குள்ள காசு தீந்து கட் ஆயிடுமோன்னு பயந்துகினே இருந்தேன். அந்தப் பொண்ணு மெதுவா, "ஆயா, நீங்க வெச்சிடுங்க, நான் எங்க லைன்லேர்ந்து கூப்பிடறேன்"ன்னுது.

கூப்பிட்டுது. சொன்னபடி கூப்பிட்டுது. புகார் நம்பரைச் சொல்லி, நான் எழுதினதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுது. மறுநாளே வெளிப்பக்கத்து மெஷினை மாத்திக் குடுத்துட்டாங்க. விஜயகுமாரி மேடம்தான் ஷாரோனை நாற்காலியில உக்கார வெச்சு மாட்டி விட்டாங்க. குழந்தை அப்படியே மேல நிமிந்து பாத்துச்சு, ஃபேன் கத்துதுன்னுச்சு. நான் வெளிய போய் அழுதுட்டு வந்தேன். அந்த ஜோதிலட்சுமி எந்த ஊருப் பொண்ணோ, ஜெபத்துல அவ பேரையும் சேத்துக்கோ.

இதோட விட்டுடுன்னு உங்க நைனா சொன்னாரு, நான் விடல. செங்கல்பட்டு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போய் என் கையாலயே மனு எழுதிக் குடுத்தேன். அங்க வாங்கினவரு படிச்சுப் பாத்துட்டு எத்தனாவதும்மா படிச்சீங்கன்னாரு. அஞ்சாவது, ஆனா முழுசா படிச்சேன்னு சொன்னேன், சிரிச்சிட்டாரு. போன காசைத் திருப்பிக் குடுன்னு நான் கேக்கல, காது கேக்காத பிள்ளைங்க வூட்டுக்காவது காசு புடுங்காத நம்பர் ஒண்ணு அந்தப் பெட்டியில ஒட்டணும்னுதான் எழுதியிருக்கேன். அடுத்த மாசம் இருபதாம் தேதி வரச் சொல்லியிருக்காங்க. நம்ம ஊர்ல இதுக்கு ரூல் எப்படின்னு எனக்குத் தெரியாது, அதை அவங்க பாத்துக்கட்டும். உங்க ஊர்ல அந்த சட்டம் எழுதின காகிதத்தை எடுத்து அனுப்பு, மறக்காத, இருபதாம் தேதிக்குள்ள வந்து சேரணும். இங்கிலீஷா இருந்தா பரவாயில்ல, விஜயகுமாரி மேடம் படிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்காங்க. குழந்தை விசா பேப்பர் வேலையும் சீக்கிரம் முடிங்க, அவ அங்க வரும்போது நிறையப் பேசிகினு வரணும், அதுக்கு நான் பொறுப்பு. நீ நேரத்துக்கு சாப்பிடு, நின்னுகினே டீ குடிச்சிட்டு ஓடாத. கர்த்தர் உங்க ரெண்டு பேர் கையையும் காலையும் பத்திரமா வெச்சிருக்கட்டும்.

இதை எழுதும்போது ஷாரோன் என் தோள் மேல சாஞ்சிகினு இருக்கா. ஆயா, பேனா கர கரன்னு சத்தம் போடுதுன்றா. நான் காதை வெச்சுக் கேட்டுப் பாத்தேன், எனக்குக் கேக்கல. அவளுக்குக் கேக்குது.

இப்படிக்கு
உன் அம்மா
ஏ. பொன்னி