எட்டில் மூன்று

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. நான் இங்கே கல்லுக்குண்டாட்டம் இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? மகள் இன்னும் கணக்கு நோட்டை ஒளித்துவைக்கிறாளா?

போன வாரம் என்னைப் பட்டறையில் துளை போடும் மெஷினுக்கு மாற்றினார்கள். வரைபடத்தில் துளையின் அளவு 0.375 அங்குலம் என்றிருந்தது. மெஷினில் மாட்டும் துளைக்கம்பிகளான பிட்டுகளின் மேலோ அளவெல்லாம் பின்னம். நான் நேரே ஸ்டோர்காரரிடம் போய், "ஆயிரத்தில முன்னூத்தி எழுபத்தஞ்சு பிட்டு ஒண்ணு குடுங்கண்ணே" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

"அப்படியொரு பிட்டு இன்னும் பொறக்கலையே தம்பி!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்போதுதான் நீ மகளை அதட்டும் குரல் காதில் கேட்டது: "பாதியில விடாதடி, சுருங்குற வரைக்கும் சுருக்கு!" ஓர் அட்டைத் துண்டில் அந்தப் பின்னத்தை எழுதி, மேலேயும் கீழேயும் ஐந்தால் வகுத்தேன். மூன்று தடவை வகுத்ததும் வந்தது, எட்டில் மூன்று! அந்த பிட் முதல் வரிசையிலேயே இருந்தது. துளையும் கச்சிதமாக விழுந்தது. இப்போது ஸ்டோர்காரர் என்னைக் கூப்பிடுவதே "வாத்தியாரே" என்றுதான்.

மகளின் பழைய கணக்கு நோட்டு ஒன்று அனுப்பு. நீ சிவப்பு மையில் திட்டி எழுதியதாகப் பார்த்து அனுப்பு.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். அதே அட்டையில் இன்னொரு கணக்கும் போட்டேன். இங்கே என் வேலை ஒப்பந்தம் இருபத்துநான்கு மாதம், முடிந்தது ஒன்பது. சுருக்கினால் அதே எட்டில் மூன்று. மீதி எட்டில் ஐந்து. அதை எதால் வகுத்தாலும் சுருங்க மாட்டேன் என்கிறது, டீச்சரம்மா.

உன்,
மக்கு மாணவன்