பொறுமை போதாது

மார்ச் 4, செவ்வாய்

மகள் மதியச் சாப்பாட்டுக்கு அந்தச் சீன உணவகத்துக்குக் கூட்டிப் போனாள். பிளாஸ்டிக் நாற்காலி, கை வைத்தால் ஒட்டும் மேசை, ஆனாலும் இடம் கிடைக்க அரைமணி நேரம் ஆனது. மூங்கில் தட்டில் ஆவி பறக்க எட்டு டம்ப்ளிங். மெல்லிய மாவுத் தோலுக்குள் இறைச்சி, அதைச் சுற்றிக் கொதிக்கும் சூப். சூப்பை உறையவைத்துக் கட்டியாக உள்ளே வைத்து மூடுகிறார்களாம், வேகும்போது உருகிவிடுகிறது. திடப்பொருள் திரவமாவதற்கு இப்படி ஓர் உதாரணம் முப்பத்தோரு வருட ஆசிரியை வேலையில் எனக்குக் கிடைக்காமல் போயிற்றே!

மகள் ஒன்றை முழுதாக வாயில் போட்டுத் துள்ளினாள். பரிமாறும் பெண் ஓடி வந்தாள்.

"கரண்டியில வெச்சு ஓரமா ஒரு சின்ன ஓட்டை போடுங்க. சூப்பை ஊதிக் குடிச்சிட்டு அப்புறம் சாப்பிடுங்க. பொறுமை இல்லேன்னா நாக்கு வெந்துடும்."

பொறுமை. அந்தச் சொல்லைக் கேட்டதும் என் பழைய தலைமையாசிரியையின் முகம்தான் கண்ணில் வந்து நின்றது.

மார்ச் 5, புதன்

இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பக்கத்துப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக என் பெயர் பரிந்துரையில் இருந்தது. எங்கள் தலைமையாசிரியை ரகசிய அறிக்கையில் எழுதினாள்: "நல்ல ஆசிரியை. பொறுமை போதாது." எழுத்தர்தான் எனக்குக் காட்டினார். பதவி என்னைவிட இளையவளுக்குப் போனது.

எனக்கா பொறுமை இல்லை? பின்னம் புரியாத ஒரு பிள்ளைக்காக நாற்பது ரொட்டி வெட்டிக் காட்டியவள் நான்!

எழுதியது பொய் என்று அவள் வாயாலேயே சொல்ல வேண்டும். அதற்கு முன் அந்த வாய் கொஞ்சம் வேகட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

அவளை அந்த உணவகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். குரலில் தேன் ஒழுகியது, என் குரலில்தான்.

"சைனீஸா? எனக்குப் பல்செட்டும்மா. மெல்ல முடியுமா?"

"மெல்லவே வேண்டாம் மேடம். அப்படியே வாயில போட்டுக்கலாம்."

பாவிதான் நான். இருந்தாலும் இனித்தது.

மார்ச் 12, புதன்

கண்ணாடி முன் ஒத்திகை. அவள் துடிக்கும்போது சொல்ல வேண்டியது: "பொறுமை போதாது மேடம்." ஏழு தடவை சொல்லிப் பார்த்தேன்.

மார்ச் 13, வியாழன்

எப்படி எழுதுவேன் இதை.

தட்டு வந்தது. அவள் ஒன்றைக் கரண்டியில் எடுத்தாள். சாப்பிடவில்லை. முட்டிவலியைப் பற்றிச் சொன்னாள். மூக்குக்கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தாள். தன் தையல்காரர் ரவிக்கையைக் கெடுத்த கதையைச் சொன்னாள். கரண்டி கையிலேயே இருக்கிறது. போடேன் வாயில்! போடு! அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள், என் கரண்டியில் இருந்ததை எடுத்து முழுதாக — நானே — என் வாயில்...

கண்ணில் நீர். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள்.

"என்னம்மா அவசரம் உனக்கு?"

ஒத்திகை பார்த்த வாக்கியம் வாய்க்குள்ளேயே வெந்துபோனது. விடவில்லை. காகிதத் துடைப்பானில் எழுதி நீட்டினேன்: "அறிக்கையில் ஏன் அப்படி எழுதினீர்கள்?"

மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள்.

"பொய்தாம்மா எழுதினேன். நீ போயிட்டா அந்த ஆறாம் வகுப்பை யாரு மேய்க்கிறது? எனக்கு வேற ஆள் இல்ல."

பிறகு ஓரத்தில் சின்னதாகக் கடித்து, ஊதி, ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்தாள். "நல்லாருக்கே!"

மார்ச் 14, வெள்ளி

பேச முடியவில்லை. மோர் மட்டும். கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். ஏன் இன்னும் எரிகிறது? நாக்கைச் சொல்லவில்லை. 'நீ வேண்டும்' என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் இருந்திருப்பேனா? மாட்டேன். அது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. கள்ளி!

மார்ச் 20, வியாழன்

அவளோடு மறுபடி அதே மேசை. பொய் என்று சொன்னதை எழுதித் தரச் சொன்னேன்.

"யாருக்குக் காட்டப் போறே இப்போ?"

"எனக்குத்தான் மேடம்."

மார்ச் 27, வியாழன்

மேடம் எழுதிக்கொண்டு வந்தார். "பொய்" என்ற சொல்லையே காணோம். "சற்றே மிகை" என்று இருந்தது. சிவப்புப் பேனாவால் அடித்துத் திருப்பிக் கொடுத்தேன். கோபத்தில் என் பங்கு டம்ப்ளிங்கில் இரண்டைச் சாப்பிட்டுவிட்டார்.

ஏப்ரல் 3, வியாழன்

தேதி இல்லை. திருப்பிக் கொடுத்தேன்.

"நீ ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகாததே நல்லதும்மா. ஊரு தப்பிச்சுது."

ஏப்ரல் 10, வியாழன்

பொய் என்று இருந்தது. தேதி, கையெழுத்து, எல்லாம் இருந்தன. இரண்டு தடவை படித்தேன். ஒரு குறையும் இல்லை.

இருந்தாலும், "அடுத்த வியாழன் பார்க்கலாம் மேடம்" என்று திருப்பிக் கொடுத்தேன்.