வலக்கை தள்ளும், இடக்கை இழுக்கும்

இன்று காலை தார்ப்பாயை விலக்கியதும் முதலில் எழுந்தது அந்த வாடைதான். ஷாக் அப்சார்பர் எண்ணெயின் வாடை. மீன் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்குதுங்க என்று நீ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாயே, அதேதான். நம் பந்தயக் காரை வாங்க நாளைக்கு ஒருவர் வருகிறார். விற்றுவிடலாம் என்பது மகளின் தீர்ப்பு. யாரோ பெற்ற பிள்ளை ஓட்டப்போகிறது, சரிபார்க்காமல் சாவியைக் கொடுக்க முடியுமா? ஸ்பானர் தட்டை இழுத்தேன். ஸ்பானர்களுக்கு அடியில் ஒரு பச்சைக் கண்ணாடி வளையல் கிடந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

எழுபதுகளில், மாநில எல்லையோரக் கஞ்சிக்கோட்டில் நம் வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறையில் இந்தக் காரைக் கட்டியபோது எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊரே முடிவு செய்திருந்தது. பழைய எஞ்சின், குழாய்ச் சட்டம், மேலே தகரம். அதில் உருப்படியான சாமான் பின்சக்கரங்களின் ஷாக் அப்சார்பர்கள் மட்டுமே. மூணாறு எஸ்டேட்டைவிட்டுச் சீமைக்குப் போன ஒரு துரையின் காரில் இருந்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு திருகு உண்டு. அதை இறுக்கினால் சக்கரம் துள்ளாமல் தரையைப் பிடிக்கும். இவ்வளவு நல்ல சாமானைப் பெட்ரோல் டாங்குக்கும் தகரத்துக்கும் நடுவே, எவன் கையும் போகாத சந்தில் வைத்துக் கட்டிய மேதாவி நான்தான். என் கை மணிக்கட்டோடு மாட்டிக்கொண்டு நின்றது.

"உங்க கையி உலக்கையாட்டம் இருக்குதுங்க. அக்கட்டால தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்று நீ கைவிட்டாய். முழங்கை வரை போயிற்று. உள்ளே 'டக்' என்று திருகு நகர்ந்த சத்தம் கேட்டதும், பட்டறைக்கே நான் முதலாளி இல்லை என்று ஆகிவிட்டது.

கண்ணில் படாத திருகுகள். இரண்டும் வெளிப்பக்கம் பார்த்திருந்ததால், பின்னாலிருந்து கைவிடும்போது வலப்பக்கத்தை முன்னே தள்ளினால் இறுகும், இடப்பக்கத்தை நம் பக்கம் இழுத்தால் இறுகும். முட்டும்வரை இறுக்கி, அங்கிருந்து 'டக் டக்' என்று எண்ணித் தளர்த்த வேண்டும். நீ அதை உன் கைகளுக்கே பழக்கிவிட்டாய். வலப்பக்கத்துக்கு வலக்கை, இடப்பக்கத்துக்கு இடக்கை. "வலது கை தள்ளோணும், இடது கை இழுக்கோணும். அவ்வளவுதானுங்க."

உள்ளே போகும் கையின் வளையல்களைக் கழற்றி மற்றக் கையில் ஏற்றிக்கொள்வாய். எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் வைத்தால் என்ன என்று நான் கேட்காத நாளில்லை. "ரெண்டு கையும் மொட்டையா இருந்தா எனக்கு மனசு ஒப்பாதுங்க. நீங்க ஓட்டற வண்டி" என்பாய்.

ஒரு தடவை பந்தயம் எல்லைக்கு அந்தப் பக்கம், கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுபாதையில் நடந்தது. நீண்ட நேர்பாதையின் கோடியில் வலப்புறம் திரும்பும் ஒரு வளைவு. அதற்கு அப்பால் கருங்கல் சுவர். அங்கே வண்டியின் பாரமெல்லாம் இடது பின்சக்கரத்தில் இறங்கும். ஒத்திகை ஓட்டத்தில் அந்த இடத்தில் வால் துள்ளிச் சுவரைப் பார்த்துப் போனது. இரண்டு பக்கமும் இறுக்கியாக வேண்டும். நீ வலப்பக்கத்தை முடித்து இடப்பக்கம் நகர்வதற்குள், வண்டிகள் எல்லாம் புறப்படும் கோட்டுக்கு வரவேண்டும் என்று மைக்கில் அழைத்துவிட்டார்கள். அவசர அவசரமாக அதையும் முடித்து, "ஆச்சுங்க, போங்க" என்றாய். போனேன்.

கோட்டில் எல்லா எஞ்சின்களும் அலறிக்கொண்டிருந்தன. கொடிக்காரர் மேடையில் ஏறிவிட்டார். அப்போதுதான் சேலையைச் செருகிக்கொண்டு கார்களுக்கு நடுவே நீ ஓடி வந்தாய். என் வண்டிக்கு முன்னால் வந்து இரண்டு கைகளையும் தூக்கி நின்றாய். நீ கத்தியது ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஆள் உன் தோளைப் பிடித்து இழுத்தான். நீ நகரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் உன்னைத் திட்டியதை நல்லவேளை எஞ்சின் சத்தம் விழுங்கிவிட்டது.

பிறகு உன் கைகளைப் பார்த்தேன்.

இடக்கை நிறைய வளையல். வலக்கை மொட்டை. நீ கடைசியாகச் செய்தது இடப்பக்கம். அப்படியானால் இடக்கையல்லவா மொட்டையாக இருக்க வேண்டும்? அவசரத்தில் வளையலை மாற்றாமல் இரண்டு பக்கமும் வலக்கையையே விட்டிருக்கிறாய். வலக்கை பழகியபடி தள்ளியிருக்கும். இடப்பக்கத்தைத் தள்ளினால் தளர்ந்துவிடும். எஞ்சினை அணைத்தேன்.

"சம்சாரம் கூப்புடுது, சோறு ஆறுதாட்ட இருக்குது!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். வண்டியை ஓரம் தள்ளினோம். கொடி விழுந்தது, மற்ற வண்டிகள் புழுதி கிளப்பிப் போயின. நீ வளையல்களை மளமளவென்று வலக்கைக்கு மாற்றி இடக்கையை உள்ளே விட்டாய். அந்தச் சந்தை ஒட்டிப் போகும் புகைக்குழாய் நெருப்பாய்க் கொதித்துக்கொண்டிருந்தது. தோல் தீயும் வாடை எனக்கு வந்தது. கையை எடு என்று கத்தினேன். நீ உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணி முடித்த பிறகுதான் எடுத்தாய்.

"நல்லாத் தளந்து கெடந்துச்சுங்க. இப்பப் போங்க. கடைசியா வந்தாலும் ஊடு வந்து சேருங்க."

கடைசியாகத்தான் வந்தேன். அந்த வளைவில் வால் தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது. சுவர் பக்கத்தில் வந்து, விலகிப் போயிற்று.

திரும்பும் வழியில், எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "வளையலைப் பழையபடி மாட்டலாம்னு பாத்தனுங்க. எல்லாம் இடது கையிலயே கெடந்துச்சு. அப்படியே ஓடியாந்துட்டனுங்க" என்றாய். அன்று தீய்ந்த கையில் ஒரு வளையலை ஏற்றிப்பார்த்து, முடியாமல் ஸ்பானர் தட்டில் போட்டாய். நீ அந்தத் தட்டில் வளையலை வைத்தது அந்த ஒரு தடவைதான். இன்று கிடைத்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் தழும்பைக் கடைசிவரை 'என் மெடல்' என்று சொல்லிச் சிரித்தாய். ஆஸ்பத்திரியில் நான் பிடித்துக்கொண்டிருந்ததும் அந்தக் கையைத்தான். நீ இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சாப்பாடுகூட ஒரு வேலையாகத்தான் இருக்கிறது.

இன்று காருக்குப் பின்னால் உட்கார்ந்து, எப்படியும் மாட்டிக்கொள்ளப் போகிறது என்று நினைத்தபடியே வலக்கையைச் சந்தில் விட்டேன். மாட்டவில்லை. மணிக்கட்டைத் தாண்டி, முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போயிற்று. நான் இளைத்துவிட்டதாக மகள் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள், நான்தான் நம்பவில்லை. நீ மட்டும் தொட்ட திருகு என் விரலில் பட்டது. தள்ளினேன். 'டக்.' அப்படியே கொஞ்ச நேரம் அழுதேன்.

பிறகு இடப்பக்கம் நகர்ந்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தட்டில் வைக்கப் போனவன், வைக்காமல் வலக்கையில் கட்டிக்கொண்டேன். இடக்கையை உள்ளே விட்டு, என் பக்கமாக இழுத்தேன்.