அப்பாவின் ஆறு சிலிண்டர்

என் செல்ல மகளுக்கு,

உன் அப்பா கண்மூடும்போது பாதியில் விட்டுப்போன பழைய பிக்கப் வண்டியை நான் பாகம் பாகமாகப் பூட்டி முடித்துவிட்டேன். ஓட்டியும் பார்த்துவிட்டேன், பந்தயத்தில்!

உன் சித்தப்பா வெர்லின்தான் மாதக்கணக்காக நச்சரித்தான். "அண்ணி, ஆறு சிலிண்டர் எஞ்சின் துணி தைக்கத்தான் ஆகும். கழட்டிட்டு எட்டு போட்டுத் தர்றேன்." பொறுக்காமல், "என்னை ஜெயிச்சுட்டுக் கழட்டுடா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த எஞ்சினில் ஒவ்வொரு திருகும் உன் அப்பா கை பட்டது.

நீ ஒருநாளும் வந்து பார்க்காத விளையாட்டு, அதனால் சொல்கிறேன். எல்லைக்கோடு வரை எத்தனை நொடியில் ஓடுவோம் என்று அவரவர் வண்டிக் கண்ணாடியில் ஷூ பாலிஷால் எழுதிவிட வேண்டும். மெதுவான வண்டிக்கு அந்த நொடி வித்தியாசத்துக்கு ஏற்ப முதலில் பச்சை விளக்கு எரியும். ஆனால் எழுதியதைவிட வேகமாக ஓடினால் தோல்வி.

பச்சை எரிந்ததும் மிதித்தேன். பிக்கப் முனகவில்லை, பாடியது. வெர்லினின் எட்டு சிலிண்டர் பின்னால் உறுமிக்கொண்டு வந்து, கோட்டருகே என்னைத் தாண்டியும் விட்டது. போச்சு என்று நினைத்தேன். பார்த்தால் வெற்றி விளக்கு என் பக்கம் எரிகிறது! ரோஷத்தில் அவன் எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டான்.

"பேய் மாதிரி ஓட்டுறீங்க அண்ணி! பிடிக்கவே முடியாதுன்னு பயந்து அமுக்கிட்டேன்."

"எட்டு இருந்து என்னடா, எண்ணத் தெரியலையே" என்றேன். கூட்டமே சிரித்தது.

ஜெயிச்சுட்டோம் என்று சொல்ல, அப்பா உட்கார்ந்திருப்பதுபோல் பக்கத்து இருக்கைக்குத் திரும்பினேன். அதற்குள் அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டார்கள். எஞ்சினை அணைக்காமல் போய் வரிசையில் நின்றேன்.

இப்படிக்கு,
உன் அம்மா