செவ்வாயில் இரண்டு பரப்பு

தம்பிக்கு,

செவ்வாய்க் கிரகத்தில் இரண்டு பரப்புக் காணி என்று நீ ஞானேஸ்வரிக்கு விற்ற உறுதிப் பத்திரத்தை நேற்று அவள் வீட்டுச் சாமிப் படங்களுக்கு நடுவில் கண்டேன். சட்டம் போட்டுக் குங்குமமும் வைத்திருக்கிறாள்.

என் வீட்டுக் கிணற்றடியில் ஞானேஸ்வரி உட்பட அயலவர்களோடு பாய் போட்டு, நான் வாங்கித் தந்த தொலைநோக்கியால் வானம் பார்த்தோமே. அங்கே குடியேறினால் கிணறு எத்தனை அடி தோண்டவேண்டும் என்று கதைத்தோம். "அங்க போனாலும் அக்கா கடை போட்டிடுவா" என்றாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குள் நின்று ஆள் பிடித்திருக்கிறாய். "செவ்வாய் பூமிகாரகன். அங்க காணி எடுத்தால் இங்கயும் உறுதி கிடைக்கும்" என்று அவளிடம் சொன்னாயாம்.

ஜெயபுரத்தில் முப்பது வருடமாக உறுதியில்லாத காணியில் இருப்பவள் அவள். என்னிடம் கேட்டாள்: "இதையாச்சும் யாரும் புடுங்க மாட்டாங்கதானே அக்கா?"

நானும் புது அரிசியைப் பழையது என்று விற்றவள்தான். ஆனால் இதற்கு நான் துணையில்லை. அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

நானும் அவளும் பேசி முடித்தது இதுதான். வெள்ளிக்கிழமை நீ வந்து அதே கிணற்றடியில் எல்லார் முன்னாலும் பொய்யென்று சொல்லி, அவளிடம் வாங்கிய இருபதாயிரத்தையும் அவள் கையில் கொடுக்க வேண்டும். கடதாசியைக் கேட்காதே. தன் பெயரில் வந்த ஒரே உறுதி அது, தரமாட்டேன் என்றாள். அதற்கும் ஒத்துக்கொண்டேன்.

அக்கா